ஓர் உழவு மழை... வரவா, செலவா?

பகல் முழுக்க வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு மேல் மேற்கே கருமேகம் திரளும். ஐந்து மணிக்குப் புழுதிக் காற்று கிளம்பும். அதன் பின்னாலேயே இடி, மின்னல், மழை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்து, தவளைச் சத்தம் மட்டும் கேட்கும். கோடை மழையின் வழக்கம் இது.

மறுநாள் காலையில் ஊர் டீக்கடையில் இரண்டு விதமான பேச்சு நடக்கும். "நல்ல உழவு மழை. இன்னைக்கே டிராக்டருக்குச் சொல்லிட வேண்டியதுதான்" என்பார் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் வாங்கிய டீயைக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். அவர் களத்தில் காயப்போட்ட கடலை நனைந்திருக்கும். அல்லது, தார் விட்ட வாழை மரங்கள் தோட்டத்தில் சாய்ந்து கிடக்கும்.

ஒரே ஊர், ஒரே மழை. ஒருவருக்கு வரவு, இன்னொருவருக்குச் செலவு. இந்த வித்தியாசத்துக்கு அதிர்ஷ்டம் மட்டும் காரணமில்லை. மழைக்கு முந்தைய ஒரு வாரத்தில் செய்த வேலைகளும், செய்யாமல் விட்ட வேலைகளும் காரணம். பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் இந்தச் சமயத்தில், வரப்போகும் மழையை எப்படி எதிர்கொள்வது என்று பார்ப்போம்.

எப்போது, எங்கே, எவ்வளவு?

தமிழ்நாட்டின் ஆண்டு சராசரி மழை சுமார் 920 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களில் கிடைக்கும் கோடை மழை சுமார் 125 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. மார்ச் மாதத்தில் குறைவாகப் பெய்யும். ஏப்ரலில் கூடும். மே மாதத்தில்தான் அதிகம்.

எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய நீலகிரி, கோயம்புத்தூர், தேனி, திண்டுக்கல், தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் போன்ற உள் மாவட்டங்களிலும் கோடை மழை கொஞ்சம் தாராளமாக இருக்கும். வட கடலோரப் பகுதிகளில் குறைவாகவே இருக்கும்.

இந்த மழை உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால், அது ஏன் மாலையில் வருகிறது, ஏன் ஓர் ஊரில் பெய்து அடுத்த ஊரை விட்டுவிடுகிறது என்பதும் புரியும். கோடையில் உள் மாவட்டங்களின் நிலம் கடுமையாகச் சூடாகிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. அரபிக்கடல் பக்கமிருந்தும், வங்கக்கடல் பக்கமிருந்தும் வரும் ஈரக்காற்று உள்நாட்டில் சந்திக்கிறது. மத்திய இந்தியாவிலிருந்து கர்நாடகம் வழியாகத் தெற்கே குமரி வரை நீளும் காற்றுச் சந்திப்பு என்று வானிலை அறிக்கையில் சொல்வது இதைத்தான். இந்தச் சந்திப்பு எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பக்கம் இடிமேகம் கட்டும். ஒவ்வொரு மேகமும் சில கிலோமீட்டர் அகலம்தான். அதனால்தான் "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் தூசி" என்ற கதை.

மழை பெய்த பிறகு இரண்டு, மூன்று நாள்களுக்குப் பகல் வெயில் சில டிகிரி குறையும். பயிருக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் அது நிம்மதி. ஆனால், அடுத்து வருவது புழுக்கம். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பூஞ்சாணத்துக்குக் கொண்டாட்டம். குளிர்ச்சியான நாள்களை அனுபவிக்கும்போதே இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. கோடை மழையையும் பருவமழையையும் காலண்டரை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்க வேண்டிய வழக்கமான நாள் ஜூன் 1. ஆனால், 2025-ம் ஆண்டு மே 24 அன்றே தொடங்கிவிட்டது. 'இன்னும் பத்து நாள் இருக்கு' என்று தள்ளிப்போட்ட வேலைகள் அந்த ஆண்டு பல ஊர்களில் நின்றுபோயின.

அறிவிப்பைப் படிக்கும் முறை

"ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய லேசான மழை பெய்யக்கூடும்" என்று வானொலியில் கேட்டுவிட்டு, மழை வராத விவசாயி ஏமாந்துபோவது உண்டு. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது.

'ஓரிரு இடங்கள்' என்றால், ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை என்று அர்த்தம். அதாவது, நான்கு ஊரில் ஓர் ஊருக்கு வந்தாலே அறிவிப்பு சரி. 'பெரும்பாலான இடங்கள்' என்றால், நான்கில் மூன்று பங்குக்கும் மேல்.

அளவுக்கும் இப்படித்தான். 24 மணி நேரத்தில் 15.5 மில்லிமீட்டர் வரை லேசான மழை. அதற்கு மேல் 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. மஞ்சள் நிற எச்சரிக்கை வந்தால் கவனமாக இருக்க வேண்டும். ஆரஞ்சு வந்தால் தயாராகிவிட வேண்டும். சிவப்பு வந்தால் உடனே செயல்பட வேண்டும்.

விவசாயிகளுக்கான வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களில் வெளிவருகிறது. அடுத்த ஐந்து நாள்களுக்கு மழை, வெப்பம், காற்று, ஈரப்பதம் எப்படி இருக்கும், எந்தப் பயிருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். 'மேக்தூத்' செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். இடி, மின்னல் அபாயத்தை 'தாமினி' செயலி தெரிவிக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சொல்லி இந்த இரண்டையும் செல்போனில் ஏற்றிக்கொள்வது நல்லது.

ஊரில் பெய்ததை நீங்களே அளக்கலாம்

பெரியவர்கள் மழையை 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று அளந்தார்கள். மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்ற கணக்கு அது. இன்றும் அது நல்ல அளவுதான். அதோடு மில்லிமீட்டர் கணக்கும் சேர்ந்தால் பாசனத்தைத் துல்லியமாகத் திட்டமிடலாம்.

ஒரே அகலமாக, அடி தட்டையாக உள்ள ஒரு டின்னை மரம், கூரை எதுவும் மறைக்காத திறந்த இடத்தில் சாயாமல் வைத்தால் போதும். மழை நின்றதும் பள்ளிப்பிள்ளையின் ஸ்கேலை உள்ளே விட்டு, நீரின் உயரத்தைப் பார்க்கலாம். அதுதான் மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 25 மில்லிமீட்டர் என்றால் ஒரு லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் கொள்ளும் லாரியில் விலைக்கு வாங்கினால் பத்து லாரி. இவ்வளவு தண்ணீர் ஒரு மாலையில் வாசலுக்கு வருகிறது. அதை நிலத்தில் இறக்குகிறோமா, ஓடையில் விடுகிறோமா என்பதுதான் கேள்வி.

உழுத நிலம், உழாத நிலம்

'கோடை உழவு கோடி நன்மை' என்பது பழமொழி. அறுவடை முடிந்து கிடக்கும் நிலத்தின் மேல்பரப்பு இறுகிப்போயிருக்கும். கோடை மழை குறைந்த நேரத்தில் வேகமாகக் கொட்டுவது. இறுகிய மண்ணில் அது இறங்க நேரமில்லாமல் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும். உழுத நிலத்தில் அதே தண்ணீர் உள்ளே இறங்கும்.

உழவு சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். சரிவோடு உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகி மண்ணை இழுத்துப் போகும். கட்டிகளை மாவு போல உடைக்கத் தேவையில்லை. கட்டி முரட்டாகக் கிடந்தால்தான் மழைநீர் தங்கும்; காற்றில் மண்ணும் பறக்காது. தொடர்ந்து டிராக்டர் ஓடி அடிமண் இறுகிய நிலத்தில், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டலாம்.

மழை பெய்த மறுநாளே சேற்றில் டிராக்டரை இறக்குவது தவறு. ஈர மண் டயருக்கு அடியில் செங்கல் போல இறுகிவிடும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். உருண்டை உதிர்ந்தால் பதம் சரி. நசுங்கி ஒட்டினால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

உழவின்போது மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலிலும், கொக்கு, மைனாவின் அலகிலும் அழியும். மானாவாரி நிலக்கடலைப் பகுதிகளில் இது முக்கியம். சிவப்புக் கம்பளிப்புழுவின் கூடுகள் வரப்போரத்திலும் மர நிழலிலும் மண்ணுக்குள் காத்திருக்கும். நல்ல மழை பெய்ததும் அந்துப்பூச்சிகள் கூட்டமாக வெளிவரும். மழைக்குப் பிந்தைய சில இரவுகளில் 7 மணி முதல் 10 மணி வரை விளக்குப்பொறி வைத்தால், முட்டையிடும் முன்பே பிடித்துவிடலாம். ஒரு விவசாயி மட்டும் வைத்தால் பயன் குறைவு. ஊரே சேர்ந்து வைக்க வேண்டும்.

உழவுக்கு முன்பே மண் மாதிரியும் எடுத்துவிடலாம். நெல், நிலக்கடலைக்கு 15 சென்டிமீட்டர் ஆழத்திலும், பருத்தி, கரும்பு, வாழைக்கு 22 சென்டிமீட்டர் ஆழத்திலும் 'வி' வடிவக் குழி வெட்டி எடுக்க வேண்டும்.

முதல் மழைக்கே விதைக்கலாமா?

கோடை மழை பெய்ததும் விவசாயிகள் முதலில் கேட்கும் கேள்வி இது. ஒரு மழையை நம்பி மானாவாரியில் விதைத்தால், விதை முளைத்துவிடும். அடுத்த மழை மூன்று வாரம் கழித்து வந்தால், முளைத்தது அத்தனையும் காய்ந்துபோகும். நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 50 கிலோ பருப்பாவது வேண்டும். அதை இரண்டு முறை வாங்க எந்தச் சிறு விவசாயியாலும் முடியாது. கிணற்றுத் தண்ணீர் கைகொடுக்கும் என்றால் சித்திரைப் பட்டத்தில் சோளம் விதைக்கலாம். மானாவாரி மட்டும் என்றால், இந்த மழையை உழவுக்கும், பசுந்தாள் உரத்துக்கும் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூவெடுக்கும் சமயத்தில், அதாவது சுமார் 45 நாளில் மடக்கி உழுதால், அடுத்துவரும் நெல்லுக்கு அதுவே அடியுரம். மழை தவறினாலும் இழப்பு அந்த விதைச் செலவோடு நின்றுவிடும்.

களத்தில் கிடக்கும் பணம்

கோடை மழையில் பெரிய இழப்பு அறுவடை செய்த பொருளில்தான் வருகிறது. அதுவரை போட்ட செலவு எல்லாம் அந்தக் குவியலில் இருக்கிறது.

திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் நவரை நெல் அறுவடை ஏப்ரல், மே மாதங்களில் நடக்கிறது. கதிர் முற்றிய வயலில் தண்ணீரை முன்கூட்டியே வடித்துவிட வேண்டும். வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டி இறங்கும். சேறாகிவிட்டால் பெல்ட் வண்டிதான். வாடகை கூடுதல், கிடைப்பதும் கஷ்டம். நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகிதம் வரை ஈரப்பதம் அனுமதி. நனைந்த நெல்லோடு வரிசையில் நின்று, மறுபடியும் காயவைக்கும் நாள்களில் கூலியும் தூக்கமும்தான் போகும். மூட்டைகளுக்கு மேலே தார்ப்பாய் போட்டால் மட்டும் போதாது. அடியில் மரச்சட்டமோ, கல்லோ, வைக்கோலோ கொடுத்து உயர்த்த வேண்டும். தண்ணீர் பெரும்பாலும் கீழிருந்துதான் ஏறும்.

நிலக்கடலையை 8 முதல் 9 சதவிகித ஈரப்பதத்துக்குக் காயவைக்க வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு உருளும் சத்தம் கேட்க வேண்டும். நனைந்து, அப்படியே மூட்டை கட்டிய கடலையில் பூஞ்சாணம் பிடித்து 'அஃப்ளாடாக்சின்' என்ற நச்சு உண்டாகும். அந்தக் கடலையை எண்ணெய்க்கும் போடக் கூடாது; பிண்ணாக்கு மாட்டுக்கும் ஆகாது. உளுந்து, பயறு நெற்றுகள் செடியிலேயே நனைந்தால் முளைவிடும். மழை அறிவிப்பு வந்தால், முற்றிய நெற்றுகளை உடனே பறித்துவிடுவது நல்லது.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், களத்தில் காயும் பழம் ஒரு மழையில் நனைந்தால் நிறம் வெளுத்து விலை இறங்கிவிடும். மணலிலும் மண் தரையிலும் காயப்போடுவதைவிட, தார்ப்பாயில் காயப்போட்டால் மேகம் கண்டதும் நான்கு மூலையையும் மடக்கிக் குவித்துவிடலாம். மஞ்சள் வேகவைத்துக் காயவைப்பவர்களுக்கும் இதே யோசனைதான்.

நிற்கும் பயிர்

வாழைக்கு மழையைவிடக் காற்றுதான் எதிரி. தார் விட்ட மரங்களுக்கு, சாய்ந்த பக்கத்தில் சவுக்கு அல்லது யூகலிப்டஸ் கழி முட்டுக்கொடுக்க வேண்டும். மரத்தைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். முற்றும் பக்குவத்தில் உள்ள தார்களைக் காற்று எச்சரிக்கை வந்தவுடன் வெட்டிவிடலாம். புதிதாக வாழை வைப்பவர்கள், காற்று வரும் பக்கத்தில் சவுக்கு, அகத்தி போன்றவற்றை வேலிப்பயிராக நட்டுவைத்தால் அடுத்த ஆண்டு கவலை குறையும்.

எள்ளுக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரு நாள் தேங்கினாலே வாடத் தொடங்கும். டெல்டாவில் கோடைப் பருத்தியும் அப்படித்தான். வயலின் தாழ்ந்த பக்கத்தில் வடிகால் வெட்டிவைத்திருந்தால், இரவு பெய்த மழை காலைக்குள் வடிந்துவிடும். மழை பெய்த பிறகு வடிகால் தேடுவது பயிரைக் காப்பாற்றாது.

மாவில் காற்றுக்கு உதிரும் காய்களை மரத்தடியிலேயே விட்டுவிடக் கூடாது. கோடை மழைக்குப் பிறகு பழ ஈ பெருகும். அழுகிய காய்தான் அதற்கு வீடு. நல்லதை ஊறுகாய்க்கு விற்றுவிட்டு, அழுகியதைக் குழியில் புதைக்க வேண்டும். மெத்தில் யூஜினால் கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 10 வீதம் கட்டலாம்.

மேகம் திரண்ட நாளில் மருந்து தெளிப்பதும், யூரியா போடுவதும் காசைத் தண்ணீரில் கரைப்பதுதான். மழை நின்று, தண்ணீர் வடிந்த பிறகே இரண்டையும் செய்ய வேண்டும்.

ஆடு, மாடுகளுக்கு...

வறண்ட சோளத்தட்டையின் அடிக்கட்டையில் மழைக்குப் பிறகு பச்சைத் துளிர் வரும். மாடு அதைத்தான் முதலில் தேடிப்போகும். அந்த இளந்துளிரில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய நச்சு அதிகம் இருக்கும். வயிறார மேய்ந்த மாடு மூச்சுத் திணறி, நுரை தள்ளி, சில நிமிடங்களிலேயே இறந்துபோகலாம். பூக்கும் பருவம் வரை சோளத்தில் மாட்டை மேய விடக் கூடாது. அறிகுறி தெரிந்தால், 1962 என்ற எண்ணுக்கு உடனே அழைத்து கால்நடை மருத்துவரை வரவழைக்க வேண்டும். வீட்டு வைத்தியத்துக்கு நேரம் இல்லை.

ஆடுகளுக்கு, புதிய புல்லை அளவுக்கு மீறித் தின்பதால் துள்ளுமாரி நோய் வரும். மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். காலையில் கொஞ்சம் உலர்தீவனம் கொடுத்துவிட்டு மேய்ச்சலுக்கு விடுவது நல்ல பழக்கம். வைக்கோல் போரின் உச்சியை மூடிவைக்க வேண்டும். பூஞ்சாணம் பிடித்த வைக்கோலைக் கறவை மாட்டுக்குப் போடக் கூடாது.

உயிர் முதலில்

பயிர் போனால் அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். கோடை இடியில் உயிர் போவதுதான் திரும்பாதது. காட்டில் வேலை செய்பவர்களும், ஆடு மேய்ப்பவர்களும்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மழைக்கு ஒதுங்கத் தனி மரத்தடிக்கு ஓடுவதுதான் முக்கியக் காரணம்.

மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். முப்பது எண்ணுவதற்குள் இடிச்சத்தம் கேட்டால், மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே வேலையை நிறுத்திவிட்டு, கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே வெளியே வரலாம். பனை, தென்னை, தனி மரம், கம்பி வேலி, மின்கம்பம், கிணறு, குளம் எல்லாவற்றிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். கட்டடமே இல்லாத வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால், பாதங்களைச் சேர்த்துவைத்துக் குந்த வேண்டும், படுக்கக் கூடாது. கூட்டமாக நிற்காமல் ஆளுக்கொரு பக்கமாக விலகிவிட வேண்டும்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் 'ஷாக்' அடிக்கும் என்பது தவறான பயம். அவர் உடம்பில் மின்சாரம் இருக்காது. 108-க்குச் சொல்லிவிட்டு, மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும். ஆனால், அறுந்து கிடக்கும் மின்கம்பி விஷயம் வேறு. அதன் அருகிலேயே போகக் கூடாது. காற்று அடித்த மறுநாள் விடியற்காலையில் மோட்டார் போடப் போகிறவர்கள், கையில் டார்ச் இல்லாமல் வரப்பில் இறங்கக் கூடாது.

மலையடிவார ஊர்களில் இன்னொரு கவனம் தேவை. நம் ஊரில் தூறலே இல்லாமல் இருக்கும்போது, மலையில் பெய்த மழை ஓடையில் திடீரென இறங்கும். 2024-ம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அப்படி வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. மேகம் மலையில் இறங்கியிருந்தால், ஓடைக்குள் ஆடு, மாடு கட்டுவதும், மோட்டார் வைப்பதும் வேண்டாம்.

இழப்பு ஏற்பட்டுவிட்டால்...

சாய்ந்ததை உடனே அப்புறப்படுத்திவிடாமல், முதலில் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கும், வேளாண்மை அல்லது தோட்டக்கலை உதவி அலுவலருக்கும் தகவல் சொல்ல வேண்டும். பயிர்க் காப்பீடு செய்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் பதிவு செய்வது கட்டாயம். அறுத்து வயலில் காயப்போட்ட விளைபொருள் 14 நாள்களுக்குள் பருவம் தவறிய மழையால் கெட்டால், அந்தப் பயிருக்கு அறிவிக்கை செய்யப்பட்ட இடங்களில் அதற்கும் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. 14447 என்ற காப்பீட்டு உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, கொடுக்கும் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். பயிர் குறித்த சந்தேகங்களுக்கு 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மையம் இருக்கிறது.

இந்த வாரத்துக்கான வேலைகள்...

தார்ப்பாயில் கிழிசல் இருந்தால் தைத்துவைக்கவும். வடிகாலில் உள்ள செடிகளை அகற்றவும். வாழைக்கு முட்டுக்கழி சேர்க்கவும். பண்ணைக்குட்டையின் நீர்வரத்து வாய்க்காலைத் தூர்வாரவும். உழவு டிராக்டருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவும். வீட்டு வாசலில் ஒரு டின் வைக்கவும்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. இரண்டு மூன்று நாள் வேலை. அதைச் செய்து முடித்துவிட்டால், அடுத்த மழைக்கு மறுநாள் டீயை ஆறவிடாமல் குடிக்கலாம்.